தீமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வரலாறு

கெட்ட செயலையும் கெட்ட மனத்தையும் குறிக்க ஆங்கில மொழியில் பல சொற்கள் உள்ளன. ஈவில், பேட், விக்கிட், நாட்டி, வில்லன், மாலிஸ், சின், வைஸ், கிரைம், இனிக்விட்டி, ஹீனஸ், நெஃபேரியஸ் ஆகியவை அவற்றுள் சில. அகராதிகள் இவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தருவது உண்டு. ஆயினும் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மூலத்திலிருந்து மொழிக்குள் வந்தவை. இவற்றுள் சில, ஏழை உழவர்களையும் மாற்று நம்பிக்கையினரையும் சுட்டும் பெயர்களாக இருந்து, பின்னர் இழிபொருள் பெற்றவை. வேறு சில, நீதிமன்றங்களில் ஒருவரின் உயிரையும் விடுதலையையும் தீர்மானித்தவை. எனவே இச்சொற்களின் வரலாறு இங்கிலாந்தின் சமூக வரலாற்றோடும் சட்ட வரலாற்றோடும் பின்னிப் பிணைந்துள்ளது.

சொற்களின் மூலங்கள்

இச்சொற்களைப் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம். முதலாவது, பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த செருமானியச் சொற்கள். ஈவில், சின் ஆகியவை இவ்வகையின. இரண்டாவது, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியாக வந்தவை. வில்லன், மாலிஸ், மிஸ்சீஃப், ஹீனஸ் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, கற்றோர் இலத்தீன் நூல்களிலிருந்து நேரடியாக எடுத்தவை. நெஃபேரியஸ், அட்ரோஷஸ் போன்றவை இத்தகையன.

இதனால் ஒரே கருத்துக்கு வீட்டுச் சொல், அரசவைச் சொல், ஏட்டுச் சொல் என மூன்று அடுக்குகள் உருவாயின. குழந்தையைக் கண்டிக்கப் பயன்படும் சொல்லை நீதிபதி தீர்ப்பில் எழுதுவதில்லை. நீதிபதி எழுதும் சொல்லைத் தாய் தன் குழந்தையிடம் சொல்வதில்லை.

ஈவிலும் பேடும்

பழைய ஆங்கிலத்தில் கெட்டது அனைத்துக்கும் பொதுவான சொல் யிஃபெல் என்பதாகும். இன்றைய ஈவில் என்ற சொல் இதிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியின் யூபெல் என்ற சொல் இதன் உறவுச் சொல். நோய், விபத்து, பஞ்சம், கெட்டுப்போன பொருள், கொடிய மனிதன் ஆகிய எல்லாவற்றையும் அக்காலத்தில் இந்த ஒரு சொல்லே குறித்தது. கழுத்தில் கட்டிகளை உண்டாக்கும் ஒருவகைக் காசநோய்க்கு 'அரசரின் ஈவில்' என்று பெயர் இருந்தது. அரசர் தொட்டால் அந்நோய் தீரும் என மக்கள் நம்பியதே இப்பெயருக்குக் காரணம். பிற்காலத்தில் அகராதி ஆசிரியராகப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன், குழந்தையாக இருந்தபோது 1712-இல் இந்நோய்க்காக ஆன் அரசியிடம் அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு ஈவில் என்பது நோயை மட்டுமே குறித்தது. அதில் எவருடைய குற்றமும் இல்லை.

பேட் என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்தில்தான் தோன்றுகிறது. அதன் மூலம் இன்றும் உறுதிப்படவில்லை. தொடக்கத்தில் அரிதாக வழங்கிய இச்சொல் மெல்ல மெல்ல ஈவிலின் அன்றாட வேலைகளை எடுத்துக்கொண்டது. கெட்ட முட்டை, கெட்ட வானிலை, கெட்ட கையெழுத்து ஆகிய அனைத்தும் பேட் ஆயின. இவ்வாறு சிறு குறைகள் எல்லாம் பேட் என்ற சொல்லுக்குப் போய்விட, ஈவில் என்ற சொல்லில் கடுமையான அறக்கேடு மட்டும் எஞ்சியது. இன்று ஒருவரை பேட் என்றால் அவர் திருந்தக்கூடும் என்ற எண்ணம் அதில் இருக்கலாம். ஈவில் என்றால் அந்த இடம் பெரும்பாலும் இல்லை.

தத்துவ நூல்களில் மட்டும் ஈவில் தன் பழைய விரிவை இழக்கவில்லை. நிலநடுக்கம், கொள்ளைநோய் போன்றவை 'இயற்கைத் தீமை' என்றும், மனிதர் அறிந்து செய்யும் கொடுமை 'அறத் தீமை' என்றும் அங்கு வகைப்படுத்தப்படுகின்றன. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கம், நல்ல கடவுள் படைத்த உலகில் இத்தகைய துன்பம் ஏன் என்ற விவாதத்தை ஐரோப்பாவெங்கும் எழுப்பியது. வால்டேர் 1759-இல் வெளியிட்ட கேண்டீட் என்ற புதினம் அவ்விவாதத்தின் விளைவுகளுள் ஒன்று.

விக்கிட்

விக்கிட் என்ற சொல் ஏறக்குறைய 1200-ஆம் ஆண்டளவில் எழுத்தில் காணப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறித்த விக்கா என்ற சொல்லோடு இது தொடர்புடையது எனக் கருதப்படுகிறது. சூனியக்காரியைக் குறிக்கும் விட்ச் என்ற சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கிரிக்கெட்டில் வழங்கும் விக்கெட் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது சிறு வாயிற்கதவைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

ஈவில் என்பது ஒரு பொருளுக்கும் நிகழ்ச்சிக்கும் பொருந்தும். விக்கிட் பெரும்பாலும் மனிதருக்கே பொருந்தும். அறிந்தும் விரும்பியும் தீயவழியில் செல்பவர் என்ற குறிப்பு அதில் உண்டு. இங்கிலாந்தில் 1542 முதல் சூனியத்துக்கு எதிரான சட்டங்கள் இயற்றப்பட்டன. அமெரிக்காவில், மாசசூசெட்ஸைச் சேர்ந்த சேலம் நகரில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூற மறுத்த முதியவர் ஒருவர் கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார். தூக்கிலிடப்பட்டவருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட செயலுக்குக் கண்ணால் காணும் சான்று எதுவும் இல்லை. அவர்கள் 'அப்படிப்பட்டவர்கள்' என்ற நம்பிக்கையே தண்டனைக்கு அடிப்படையாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் விக்கிட் என்ற சொல் பேச்சுவழக்கில் 'அருமையானது' என்ற எதிர்ப்பொருளும் பெற்றது. பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் 'மிகவும்' என்ற பொருளிலும் இது வழங்குகிறது. எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய ஓஸ் கதையில் வரும் கெட்ட சூனியக்காரியின் தரப்பிலிருந்து, கிரகரி மகுவயர் 1995-இல் விக்கிட் என்ற புதினத்தை எழுதினார். ஒருவருக்கு அப்பெயரைச் சூட்டுபவர் யார், எதற்காகச் சூட்டுகிறார் என்பதே அப்புதினத்தின் பொருள்.

வில்லன்

தமிழ்த் திரைப்படங்கள் வழியாகத் தமிழர் அனைவருக்கும் அறிமுகமான சொல் வில்லன். வில்லி, வில்லத்தனம் எனத் தமிழ் விகுதிகளையும் அது ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் இச்சொல்லின் முதற்பொருள் 'பண்ணையாள்' என்பதே. இலத்தீனில் வில்லா என்றால் நிலத்தோடு கூடிய பண்ணை வீடு. அப்பண்ணையில் உழைத்தவர் வில்லானுஸ் எனப்பட்டார்.

முதலாம் வில்லியம் அரசரின் ஆணையால் 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டில் இடம்பெற்ற மக்களுள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் இப்பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளனர். காலப்போக்கில் இவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட, உரிமையற்ற குடிகளாயினர். பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் செய்யப் பிரபுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அனுமதியின்றி ஊரைவிட்டுச் செல்லக் கூடாது.

பிரபுக்களின் பேச்சில் இவ்வுழவரின் பெயர் முரடன், நாகரிகம் அற்றவன் என்றும், பின்னர் நேர்மையற்றவன் என்றும், இறுதியில் கொடியவன் என்றும் பொருள் மாறியது. பொருள் மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் 1381-இல் உழவர் கிளர்ச்சி நடந்தது. வாட் டைலர் தலைமையில் இலண்டனுக்குள் நுழைந்த உழவர்கள் அடிமைக்குடி முறையை ஒழிக்கக் கோரினர். ஜூன் 14 அன்று மைல் எண்டில் இரண்டாம் ரிச்சர்டு அரசர் அதற்கு இசைந்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் வாட் டைலர் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்குள் அரசர் தாம் வழங்கிய உரிமைப் பட்டயங்களைத் திரும்பப் பெற்றார். அடிமைக்குடி முறை தனியொரு சட்டத்தால் ஒழிக்கப்படாமல், அடுத்த இரு நூற்றாண்டுகளில் படிப்படியாக மறைந்தது. அம்முறை மறைந்த பின்னும் வசைச்சொல் நிலைத்தது.

ஷேக்ஸ்பியரின் காலத்தில் இரு பொருள்களும் உயிரோடு இருந்தன. அவருடைய ஆஸ் யூ லைக் இட் நாடகத்தின் முதற்காட்சியில், அண்ணன் 'கொடியவன்' என்ற பொருளில் இச்சொல்லால் திட்ட, தம்பி அதை 'தாழ்ந்த பிறப்பினன்' என்ற பொருளில் எடுத்துக்கொண்டு மறுமொழி கூறுகிறான். கதையின் எதிர்நாயகன் என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இன்று வரலாற்று நூல்கள் பழைய உழவரைக் குறிக்கும்போது எழுத்துக்கூட்டலைச் சற்று மாற்றி எழுதி வேறுபடுத்துகின்றன.

ஏழ்மையிலிருந்து இழிவுக்கு

வில்லன் என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு பல சொற்களுக்கும் நேர்ந்தது.

சர்ல்: பழைய ஆங்கிலத்தில் உரிமை பெற்ற சாதாரண குடிமகனைக் குறித்தது. பின்னர் பண்பற்ற முரடன் எனப் பொருள் மாறியது.

நேவ்: முதலில் 'சிறுவன்', அடுத்து 'வேலைக்காரச் சிறுவன்', முடிவில் 'ஏமாற்றுக்காரன்'. சீட்டுக்கட்டின் ஜாக்கிக்கும் இப்பெயர் உண்டு.

ராஸ்கல்: பிரெஞ்சில் கீழ்மக்கள் கூட்டத்தைக் குறித்த சொல். தமிழ்நாட்டில் இன்றும் வசையாக வழங்குகிறது.

நாட்டி: 'ஒன்றுமில்லை' என்ற பொருளுடைய நாட் என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் ஒன்றும் இல்லாத ஏழையைக் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டில் கொடியவன் என்ற கடும் பொருள் பெற்றது. பின்னர் அக்கடுமை தணிந்து குறும்புக் குழந்தைக்குரிய சொல்லாயிற்று.

மிஸ்கிரியன்ட்: 'தவறாக நம்புபவர்' என்பது இதன் நேர்ப்பொருள். கிறித்தவர் அல்லாதவரையும் திருச்சபையின் கொள்கையை ஏற்காதவரையும் இவ்வாறு அழைத்தனர். இன்று சட்டத்தை மீறுபவர் என்ற பொருளில் வழங்குகிறது.

இதற்கு நேர்மாறாக, உயர்குடிப் பிறப்பைக் குறித்த நோபிள், ஜென்டில் ஆகிய சொற்கள் உயர்ந்த பண்பைக் குறிக்கலாயின. இப்போக்கை சி. எஸ். லூயிஸ் 1960-இல் வெளியிட்ட ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ் என்ற நூலில், சமூகநிலைச் சொற்கள் அறச்சொற்களாக மாறுதல் என விளக்கினார். மொழியை எழுத்தில் பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளர்களும் குருமார்களுமே. உழவர்கள் பிரபுக்களை எவ்வாறு திட்டினார்கள் என்பது ஏடுகளில் மிகக் குறைவாகவே உள்ளது.

விவிலிய மொழிபெயர்ப்பில்

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் விவிலியம் இச்சொற்களை ஆங்கிலேயரின் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எபிரேய மூலத்தில் தவற்றைக் குறிக்க மூன்று முதன்மைச் சொற்கள் உள்ளன. முதலாவது குறி தவறுதல், இரண்டாவது கோணலாதல், மூன்றாவது எதிர்த்து எழுதல் என்ற கருத்துகளை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுக்கு முறையே சின், இனிக்விட்டி, டிரான்ஸ்கிரெஷன் என்ற ஆங்கிலச் சொற்கள் வழங்கலாயின.

எபிரேயத்தின் ரா என்ற சொல் பழைய ஆங்கிலத்தின் யிஃபெலைப் போல விரிந்த பொருள் உடையது. கெட்டுப்போன பழம் முதல் பேரழிவு வரை அனைத்தையும் அது குறிக்கும். எரேமியா நூலில் உண்ணத்தகாத அத்திப்பழங்களை 1611 மொழிபெயர்ப்பு நாட்டி என்றே குறிக்கிறது. இன்றைய வாசகர் அதைப் படித்தால் குறும்புக்கார அத்திப்பழம் என்று எண்ணக்கூடும். ஏசாயா நூலின் 45-ஆம் அதிகாரத்தில், கடவுள் படைப்பவற்றுள் ஒன்றாக ஈவில் கூறப்பட்டுள்ளது. ஈவில் என்பதன் பொருள் குறுகிய பின், கடவுளே அறக்கேட்டைப் படைத்தார் என்று இவ்வரி படிக்கப்படும் நிலை உண்டாயிற்று. எனவே பிற்கால மொழிபெயர்ப்புகள் பல, அவ்விடத்தில் பேரழிவு என்ற பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்தின.

சட்டத்தில்

மர்டர் என்பது பழங்காலத்தில் மறைவாகச் செய்யப்பட்ட கொலையைக் குறித்தது. நார்மானியர் ஆட்சியில், கொலையுண்டவர் ஆங்கிலேயர் என்று மெய்ப்பிக்கப்படாவிட்டால் அவரை நார்மானியராகக் கொண்டு அவ்வட்டாரத்து மக்கள் அனைவர்மீதும் அபராதம் விதித்தனர். இவ்வழக்கம் 1340-இல் ஒழிக்கப்பட்டது.

அதன்பின் 'முன்கூட்டியே கொண்ட மாலிஸ்' என்ற கருத்து முதன்மை பெற்றது. மாலிஸ் என்பது கெட்ட எண்ணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1390-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய கொலைக்கு அரசரின் பொதுமன்னிப்பு எளிதில் கிடைக்காதவாறு செய்தது. அக்காலத்தில் எழுதப்படிக்கத் தெரிந்தவர் 'குருமார் சலுகை' கோரித் தூக்கிலிருந்து தப்பலாம். பதினாறாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வந்த சட்டங்கள், மாலிஸுடன் செய்த கொலைக்கு அச்சலுகையை நீக்கின. திடீர்ச் சினத்தில் நேர்ந்த கொலைக்குச் சலுகை நீடித்தது. அத்தகையவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டு விடுவித்தனர். ஒருவர் தூக்கு மேடை ஏறுவதும் சூட்டுத் தழும்போடு வீடு திரும்புவதும் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமைந்தன.

1957-இல் இங்கிலாந்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த கன்னிங்காம் வழக்கு, சொற்பொருள் வேறுபாட்டுக்குச் சிறந்த சான்று. ஒருவர் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்த எரிவாயு மீட்டரைப் பிடுங்கி, அதிலிருந்த பணத்தைத் திருடினார். குழாயிலிருந்து கசிந்த வாயு சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குள் பரவி, அங்கு உறங்கிய பெண்ணின் உயிருக்கு ஆபத்து விளைவித்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாலிஸுடன் ஒருவருக்கு நச்சுப்பொருள் செலுத்தி உயிருக்கு ஆபத்து விளைவித்தது குற்றம். விசாரணை நீதிபதி, அச்சொல்லுக்கு விக்கிட் என்று பொருள் என நடுவர்களிடம் விளக்கினார். திருடுவது கெட்ட செயல்தான் என்பதால் நடுவர்களும் குற்றவாளி என்றனர்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டத்தில் மாலிஸ் என்பது பொதுவான கெட்டத்தனம் ஆகாது. அந்தக் குறிப்பிட்ட தீங்கை விளைவிக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டும், அல்லது அத்தீங்கு நேரலாம் என அறிந்தும் பொருட்படுத்தாமல் செய்திருக்க வேண்டும் என்று அது விளக்கியது. ஒருவர் கெட்டவர் என்பதற்காகவே, அவர் எண்ணிப் பார்க்காத விளைவுக்கும் அவரைத் தண்டிக்கலாமா என்ற வினாவுக்கு இத்தீர்ப்பு விடையளித்தது.

இந்தியாவில் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் வரைந்து, 1860-இல் சட்டமாகிய இந்தியத் தண்டனைச் சட்டம், கொலைக்கு இலக்கணம் கூறும்போது மாலிஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. நோக்கம், அறிவு என்ற இரண்டை அடிப்படையாகக் கொண்டே கொலையை விளக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வழியையே பின்பற்றுகிறது.

சின், கிரைம், வைஸ்

சின் கடவுளுக்கு எதிரானது. கிரைம் அரசின் சட்டத்துக்கு எதிரானது. வைஸ் ஒருவரின் ஒழுக்கத்தில் வேரூன்றிய கெட்ட பழக்கம். கிரைம் என்பதன் இலத்தீன் மூலம் குற்றச்சாட்டையும், வைஸ் என்பதன் மூலம் குறைபாட்டையும் குறித்தன.

ஒரே செயல் இவ்வெல்லைகளைக் கடந்து செல்வதும் உண்டு. ஆண்களுக்கு இடையிலான ஒருபாலுறவு முன்பு திருச்சபை நீதிமன்றங்களுக்கு உரிய பாவமாக இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் 1533-இல் அது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வயதுவந்தோர் இசைந்து தனிமையில் செய்வதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என 1957-இல் வுல்ஃபெண்டன் குழு பரிந்துரைத்தது. 1967-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் மாறியது. ஆங்கிலேயர் இந்தியாவில் விட்டுச்சென்ற 377-ஆம் பிரிவின் இப்பகுதியை உச்ச நீதிமன்றம் 2018-இல் நீக்கியது.

நுண்வேறுபாடுகள்

ஒருபொருட் சொற்களை வேறுபடுத்தும் நூல்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஜார்ஜ் கிராப் 1816-இலும், பீட்டர் மார்க் ரோஜே 1852-இலும் வெளியிட்டவை புகழ்பெற்றவை. இன்றைய வழக்கில் சில சொற்களின் தனித்தன்மை பின்வருமாறு:

ஹீனஸ்: பிரெஞ்சில் வெறுப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. குற்றத்தின் வெறுக்கத்தக்க கொடுமையைச் சுட்டும். பெரும்பாலும் செயலுக்கே வழங்கும்.

நெஃபேரியஸ்: தெய்வ நியதியை மீறியது என்பது மூலப்பொருள். இன்று மறைவான சூழ்ச்சியைக் குறிக்கும்.

இனிக்விட்டி: சமமின்மை என்பது மூலப்பொருள். பெரும் அநீதியைக் குறிக்கும்.

டிப்ரேவ்ட்: கோணலானது என்ற மூலத்திலிருந்து வந்தது. ஒருகாலத்தில் நேராக இருந்த மனம் சீர்கெட்டது என்ற குறிப்பு உண்டு.

மாலிஸ்: பிறர் துன்பத்தை விரும்பும் எண்ணம். செயல் நிகழாதபோதும் அது மனத்தில் இருக்கலாம்.

மிஸ்சீஃப்: இடைக்காலத்தில் பெருந்துன்பத்தைக் குறித்தது. பேச்சில் குறும்பாகக் குறைந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்தலைக் குறித்தது.

இருபதாம் நூற்றாண்டில்

இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளுக்கு இருந்த சொற்கள் போதவில்லை. போலந்தைச் சேர்ந்த யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து, ஜெனோசைடு என்ற சொல்லை 1944-இல் வெளியான தமது நூலில் அறிமுகப்படுத்தினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் அவை இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. பெயர் கிடைத்த நான்கே ஆண்டுகளில் அச்செயல் பன்னாட்டுச் சட்டத்தில் குற்றமாயிற்று.

யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் பணியை நிர்வகித்த அடால்ஃப் ஐக்மன், 1961-இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டார். அதைப் பற்றி 1963-இல் நூல் எழுதிய ஹன்னா அரெண்ட், தீமையின் சாதாரணத்தன்மை என்ற கருத்தை முன்வைத்தார். பெருங்கொடுமை செய்பவரிடம் பெரும் மாலிஸ் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிந்திக்க மறுத்துத் தம் அலுவலைச் செய்பவராலும் அது நிகழும் என்பது அவர் கருத்து. ஐக்மனைப் பற்றிய அவருடைய மதிப்பீடு இன்றும் விவாதிக்கப்படுகிறது.

தமிழில்

தமிழில் தீமை என்ற சொல், பழைய ஈவிலைப் போலத் துன்பத்தையும் அறக்கேட்டையும் ஒருசேரக் குறிக்கும். தமிழ் விவிலியத்தில் பழைய மொழிபெயர்ப்பாளர்கள், சின் என்பதற்குப் பாவம், இனிக்விட்டி என்பதற்கு அக்கிரமம், டிரான்ஸ்கிரெஷன் என்பதற்கு மீறுதல், விக்கிட் என்பதற்குத் துன்மார்க்கன், ஈவில் என்பதற்குத் தீமை, பொல்லாப்பு எனச் சொற்களை ஆண்டனர். கிரமம் தவறியது அக்கிரமம். சமம் தவறியது இனிக்விட்டி. இரண்டும் ஒரே முறையில் அமைந்த சொற்கள்.

பேச்சுத்தமிழில் சேட்டை, குறும்பு ஆகியவை நாட்டி என்பதற்கு ஒப்பானவை. ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்போர் எல்லாவற்றுக்கும் 'தீய' என்ற ஒரே அடைமொழியை இட்டால் மூலத்தின் வேறுபாடு மறைந்துவிடும். குறிப்பாக, 1600-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நூல்களில் வில்லன், நேவ், நாட்டி ஆகிய சொற்கள் வரும்போது, அங்கு குறிக்கப்படுபவர் கொடியவரா, வெறும் ஏழையா என்பதை இடம் நோக்கி அறிய வேண்டியுள்ளது.